சிங்கப்பூரா, துபாயா, ஊரா? 2026-இல் பெட்டி கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

மார்த்தாண்டம், கருங்கல், நித்திரவிளைப் பக்கம் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்த பையன் இருக்கும் வீட்டில் இப்போது மூன்று பேச்சுதான். டெஸ்ட் (சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வு) அடித்துவிட்டு சிங்கப்பூர் போவதா, துபாயில் இருக்கும் மாமா பார்த்துச் சொல்லும் வேலைக்குப் போவதா, இல்லை ஊரிலேயே நிற்பதா. முடிவு பெரும்பாலும் விசா எது முதலில் வருகிறதோ அதை வைத்து ஆகிவிடுகிறது. அல்லது பக்கத்து வீட்டுப் பையன் எங்கே போய் வீடு கட்டினானோ அந்த ஊர். இரண்டுமே மோசமான வழி என்று சொல்ல மாட்டேன், சொந்தக்காரர் இருக்கிற ஊர் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த இரண்டு நகரங்களும் வியாபாரத்தை நம்பி நிற்பவை. உலகத்தில் சரக்கு ஓடும் வரைக்கும் அங்கே வேலை ஓடும். அது எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் மூன்று லட்சம் கடன் வாங்குவது சரியில்லை.

முதலில் சிங்கப்பூர், ஏனென்றால் கடன் அதிகம் விழுவது அங்கே போகத்தான்.

பரப்பளவில் நம் குமரி மாவட்டத்தில் பாதிகூட வராது அந்த நாடு. மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டியாயிற்று. வயல் இல்லை, மலையில் ரப்பர் இல்லை, குடிதண்ணீரில் ஒரு பங்கு மலேசியாவில் இருந்து வருகிறது. ஒரு ஆண்டில் அது செய்யும் ஏற்றுமதி இறக்குமதி மொத்தம், அதன் சொந்த உற்பத்தி மதிப்பைப் போல சுமார் மூன்று மடங்கு. 2024-இல் அதன் துறைமுகம் கையாண்ட கன்டெய்னர்கள், இருபது அடிப் பெட்டிக் கணக்கில், 4.11 கோடி. அதில் பெரும்பகுதி ஒரு கப்பலில் இருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போவது. அடுத்தவன் சரக்கு, அடுத்தவன் சந்தை, நடுவில் கூலி.

அதனால் அங்கே நல்ல காலமும் கெட்ட காலமும் வேகமாக வரும். 2020-இல் சுமார் 4% சுருங்கிய பொருளாதாரம் மறு ஆண்டே 9 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2025-ஐப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஏப்ரலில் அமெரிக்கா ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் வரி போட்டது. 2004 முதல் வரியில்லா வர்த்தக ஒப்பந்தம் இருந்தும் சிங்கப்பூருக்கும் 10% விழுந்தது. உடனே அந்நாட்டு வர்த்தக அமைச்சகம், அந்த ஆண்டு வளர்ச்சி 0 முதல் 2% வரைதான் என்று மதிப்பீட்டைக் குறைத்தது. ஆகஸ்டில் 1.5 முதல் 2.5% என்றார்கள். நவம்பரில் 4% அளவு என்றார்கள். 2026 ஜனவரியில் வந்த முன்மதிப்பீடு 4.8%. ஒரே ஆண்டுக்கு நாலு எண்.

எப்படி மாறியது? வரி ஏறும் முன்பே சரக்கை வாங்கிக் குவித்துவிடலாம் என்று அமெரிக்க வியாபாரிகள் அவசரப்பட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய சிப், சர்வர் வகையறாவுக்கு உலகம் முழுக்க கிராக்கி. இரண்டும் சேர்ந்து தூக்கிவிட்டன. இதில் முதல் காரணம் முன்கூட்டி வாங்கியது, அதாவது அடுத்த ஆண்டு வாங்க வேண்டியதை இந்த ஆண்டு வாங்கியது. இரண்டாவது எப்போது தணியும் என்று யாருக்கும் தெரியாது. 2026-க்கு நவம்பரில் அவர்களே சொன்ன மதிப்பீடு 1 முதல் 3%. நான் அந்த எண்ணை அப்படியே நம்பச் சொல்லவில்லை, போன ஆண்டு அவர்கள் கணக்கே நாலு தடவை மாறியதே! ஆனால் ஒரு ஆண்டு ஓட்டமாக ஓடிய பிறகு மூச்சு வாங்கும் காலம் வரும் என்று எடுத்துக்கொள்வது புத்தி.

சரி, இது நம் பையனை எப்படித் தொடும்? சிங்கப்பூர் 4.8% வளர்ந்தாலும் 1% வளர்ந்தாலும் வெல்டருக்கு அடிப்படைச் சம்பளம் பெரிதாக மாறாது. மாறுவது ஓவர்டைம். ஆர்டர் குறைந்தால் கம்பெனி முதலில் ஆளை அனுப்பாது. வெளிநாட்டு ஆள் ஒருவருக்கு மாதாமாதம் அரசுக்கு லெவி கட்டி, அவனுக்குத் தங்குமிடம் கொடுத்து வைத்திருக்கிறது. அவனை வைத்துக்கொண்டு ஓ.டி.யை மட்டும் வெட்டும். யாரும் வேலை இழக்கவில்லை, செய்தியிலும் வராது, ஆனால் வீட்டுக்கு வரும் பணம் குறையும். அதன் பிறகுதான் பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விடுவது.

இந்த இடத்தில் வேலை எந்தத் துறை என்பதுதான் ஊரின் பெயரை விட முக்கியம். கட்டுமானம் அமெரிக்க வரியைப் பார்த்து நிற்காது. சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாவது முனையத்துக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள், முடிய 2030-களின் நடுப்பகுதி ஆகும். துவாஸ் துறைமுகம் 2040-களில்தான் முழுதாக முடியும். அது போக கிராஸ் ஐலண்ட் ரயில் பாதை, அரசு அடுக்குமாடி வீடுகள். 2025-க்கு அந்நாட்டுக் கட்டுமான ஆணையம் எதிர்பார்த்த ஒப்பந்த மதிப்பு 4,700 முதல் 5,300 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதில் பாதிக்கு மேல் அரசு வேலை. அரசு கொடுத்த ஒப்பந்தம் கப்பல் போக்குவரத்து மந்தமானால் நின்றுவிடாது. ஃபேக்டரி வேலை அப்படி இல்லை. சிப்பும் மருந்தும் அமெரிக்க வரியின் வாசலிலேயே நிற்கிற சரக்கு.

ஃபேக்டரி என்றதும் ஒரு எச்சரிக்கை. இந்தியர் ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானம், கப்பல் தளம், ப்ராசஸ் துறை (எண்ணெய், ரசாயன ஆலை வேலை) போகலாம், அது பழைய வழி. ஃபேக்டரி ஆபரேட்டர் வேலைக்கு 2025 செப்டம்பர் முதல்தான் கதவு திறந்தது, அதுவும் மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆகவே ‘ஃபேக்டரி பெர்மிட், மாதம் 800 வெள்ளி, ஓ.டி. தனி’ என்று யாராவது சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம். ஒர்க் பெர்மிட்டுக்கு ஒரு படி மேலான எஸ் பாஸுக்கும் அதே 2025 செப்டம்பரில் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி ஆகிவிட்டது, வயது ஏற ஏற அந்த அளவும் ஏறும். ‘பேப்பரில் 3,300 போடுவோம், கையில் 1,500 தருவோம், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்’ என்று பேசும் ஏஜென்ட்களும் உண்டு. அது அங்கே குற்றம். மாட்டினால் பையனும் சேர்ந்து விசாரணைக்குப் போவான்.

இப்போது துபாய். அதுவும் வியாபார நகரம்தான், ஆனால் வியாபாரம் வேறு மாதிரி. எண்ணெயில் குளிக்கிற ஊர் என்று இன்னும் நம் பக்கம் பேசுகிறார்கள். துபாய் உற்பத்தியில் எண்ணெயின் பங்கு ஒன்றிரண்டு சதவீதம்தான், எண்ணெய் இருப்பது அபுதாபியில். துபாயை ஓட்டுவது ஜெபல் அலி துறைமுகம், விமான நிலையம், சுற்றுலா, வீட்டு மனை. 2024-இல் தங்கிப் போன வெளிநாட்டுப் பயணிகள் மட்டும் 1.87 கோடி. 2025-இன் முதல் பாதியில் பொருளாதாரம் 4 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஓட்டல், டெலிவரி, ஏ.சி. மெக்கானிக், கடை வேலை என்று ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கட்டுமானத்தில்தான் எனக்கு உறுத்தல். சிங்கப்பூரில் பாதிக்கு மேல் அரசு கட்டுகிறது என்றேன். துபாயில் பெரும்பகுதி, கட்டுவதற்கு முன்பே விற்ற அடுக்குமாடிகள். வாங்குகிறவர்கள் ரஷ்யா, இந்தியா, ஐரோப்பா என்று வெளியூர்ப் பணக்காரர்கள். அவர்கள் தவணை கட்டும் வரை கிரேன் சுற்றும். 2009 நவம்பரில் துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடனைத் திருப்பக் கெடு கேட்டபோது என்ன ஆயிற்று என்று குமரியில் பல வீடுகளுக்கு நினைவிருக்கும். அப்போது திரும்பி வந்தவர்களில் சிலர் திரும்பப் போகவே இல்லை. இப்போதும் 2026-க்குள் வீட்டு விலை 15% வரை இறங்கலாம் என்று ஃபிட்ச் தரமதிப்பீட்டு நிறுவனம் 2025-இல் சொல்லியிருந்தது. 2009 மாதிரி விழும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் துபாயில் கொத்து வேலை, கம்பி வேலை என்று போகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஏ.சி., பராமரிப்பு, லிஃப்ட் மாதிரியான வேலை பாதுகாப்பு அதிகம், கட்டி முடித்த கட்டடத்துக்கும் அது வேண்டுமே.

இன்னொன்று, போர் பயம். 2025 ஜூன் 23 இரவு கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. கத்தார், பஹ்ரைன், குவைத் வான்வழிகள் சில மணி நேரம் மூடப்பட்டன. அந்த ராத்திரி இங்கே எத்தனை வீட்டில் தூங்கியிருப்பார்கள் தெரியவில்லை. இதற்குக் கணக்கு போட முடியாது, ஆனால் இல்லாத மாதிரி பேசவும் முடியாது.

இனி பணம். கீழே வருவது உதாரணக் கணக்கு, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்க் கட்டுமானத்தில் ஒருவனுக்கு ஓ.டி. சேர்த்து 950 வெள்ளி வருகிறது என்று வைப்போம். தங்குமிடம் கம்பெனியுடையது. சாப்பாடு, ஃபோன், சில்லறைச் செலவு 300. அனுப்புவது 650. வெள்ளி 2020 தொடக்கத்தில் 53 ரூபாய் அளவில் இருந்தது, 2025 கடைசியில் 70-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆக 45,500 ரூபாய். வீட்டுச் செலவு, தங்கை படிப்பு, அப்பா மருந்து எல்லாம் 30,000 என்றால் கடனுக்கு 15,000 மிஞ்சும். ஏஜென்டுக்கும் டெஸ்டுக்கும் சேர்த்து 3 லட்சம், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கியது. முதல் மாத வட்டி மட்டும் 6,000. மாதம் 15,000 வீதம் கட்டினால் முடிய 26 மாதம். ஒர்க் பெர்மிட் பொதுவாக இரண்டு வருடம், அதாவது 24 மாதம்.

அதாவது எல்லாம் நல்லபடி நடந்தாலும் கடனுக்கு முன்பே பெர்மிட் முடிகிறது. நடுவில் ஓ.டி. குறைந்து மாதம் 150 வெள்ளி போனால்? அனுப்புவது 35,000, வீட்டுக்கு 30,000, கையில் 5,000. முதல் வருடம் வட்டிக்கே 6,000 வேண்டும் எனும்போது கடன் குறையாது, வளரும். உலக வர்த்தகம் கொஞ்சம் மந்தமானால் நித்திரவிளையில் ஒரு குடும்பத்தின் கடன் ஏறுவது இந்த வழியாகத்தான்.

இதே ஆள் 1 லட்சத்துக்குள் போய்ச் சேர்ந்தால் எட்டு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அப்புறம் எல்லாமே அவன் காசு.

துபாயில் மாமா பார்த்த வேலை: சம்பளம் 1,800 திர்ஹாம், அறை கம்பெனியுடையது, செலவு 500. அனுப்புவது 1,300. திர்ஹாம் டாலரோடு கட்டிப்போட்ட நாணயம், 2025 கடைசியில் 24.50 ரூபாய் அளவு. ஆக மாதம் 31,850. இரண்டு வருடத்தில் 7.64 லட்சம். டிக்கெட், பிற செலவு 50,000 போனால், வீட்டுச் செலவைக் கழிக்கும் முன், 7.1 லட்சம் நிற்கும். சிங்கப்பூரில் அதே இரண்டு வருடம் அனுப்புவது 10.92 லட்சம். 3 லட்சம் கடனுக்கு வட்டியோடு கட்டுவது ஏறக்குறைய 3.86 லட்சம், மிச்சம் 7.06 லட்சம். இரண்டும் சமம்! கடன் 1 லட்சமாக இருந்தால் சிங்கப்பூரில் 9.8 லட்சம் நிற்கும், துபாய் பக்கத்தில் வர முடியாது.

ஆக ‘எந்த ஊரில் சம்பளம் அதிகம்’ என்று கேட்பதை விட, ‘எவ்வளவு கடனில் போகிறேன், எத்தனை மாதத்தில் அடைப்பேன்’ என்று கேட்டால் பாதி முடிவு தானாக வரும். என் அளவுகோல் இதுதான்: ஓ.டி. இல்லாமலே கணக்குப் போட்டு ஒரு வருடத்துக்குள் கடன் அடைந்தால் சிங்கப்பூர் போகலாம். அடையாது என்றால், 2026 மாதிரி மந்தம் வரக்கூடிய வருடத்தில், வேண்டாம்.

கடனை எங்கே வாங்குவது என்பதும் உண்டு. 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அம்மா கழுத்தில் இருப்பதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்தால் வருட வட்டி 10% அளவில் முடியும், தனியார் கைமாற்றுக்கு வருடம் 24%. நகையை வெளியே எடுக்க மனம் வராமல் வட்டிக்காரரிடம் போகும் வீடுகள் நம் பக்கம் அதிகம். கௌரவம் பார்க்கிறார்களா, இல்லை நகை போய்விடும் என்ற பயமா, எனக்குப் புரிந்ததில்லை. ரூபாய் விழுந்ததால் அனுப்பும் பணம் கூடித் தெரிகிறது என்பதையும் சம்பள உயர்வு என்று எண்ணிவிடக் கூடாது. அதே காலத்தில் பவுன் அதை விட வேகமாக ஏறியிருக்கிறது.

துபாய்க்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை. ஒரு வருடம் முடித்தவர்களுக்கு, முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஆனால் அடிப்படை என்ற சொல்லைக் கவனியுங்கள், 1,800-இல் அடிப்படை 1,000 என்று எழுதியிருந்தால் வருடத்துக்கு 700 திர்ஹாம்தான், 17,000 ரூபாய். சிங்கப்பூரில் பெர்மிட்காரர்களுக்கு, நம் பி.எஃப். மாதிரியான சி.பி.எஃப். சேமிப்பு கிடையாது. இரண்டாவது, குடும்பம். துபாயில் 4,000 திர்ஹாம், அல்லது 3,000-உம் தங்குமிடமும் இருந்தால் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம். சிங்கப்பூரில் எஸ் பாஸ் மாதிரியான பாஸ்காரர்களுக்கே 6,000 வெள்ளி வேண்டும், பெர்மிட்டில் போனவனுக்கு அந்த வழியே இல்லை. கல்யாணமான முப்பது வயதுக்காரனுக்கு இது எல்லாக் கணக்கையும் புரட்டிப் போடும்.

ஊரில் நிற்பதைப் பலர் தோல்வி மாதிரி பேசுகிறார்கள். நல்ல கொத்தனாருக்கு இங்கே நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல், அந்த வேலைக்குத்தான் வடமாநிலத்தில் இருந்து ஆள் வந்து தக்கலையில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். மாதம் 22 நாள் வேலை, கடன் இல்லை, சாப்பாடு வீட்டில். சிங்கப்பூரின் முதல் இரண்டு வருடத்தை இதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. குறை என்னவென்றால் இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்தில்தான் கொட்டுகிறது, மழை நாளில் கூலி இல்லை. உள்ளூர் பொருளாதாரமும் உலகத்தை விட்டு ஒதுங்கியது இல்லை. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் 2024 ஆகஸ்டில் கிலோ 240-ஐத் தாண்டியது, அப்புறம் இறங்கியது, வெட்டுக்காரர் கூலியும் கடைத்தெரு வியாபாரமும் கூடவே இறங்கின. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் போட்ட 50% வரி இறாலையும் முந்திரியையும் விடவில்லை.

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் பற்றியும் கேட்கிறார்கள். சிங்கப்பூர் எதை வைத்துப் பிழைக்கிறதோ அதே தொழில், கப்பல் விட்டுக் கப்பல் பெட்டி மாற்றுவது, களியக்காவிளை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கி, 2025 மே 2-இல் பிரதமர் திறந்து வைத்தார். நம் மாவட்டத்து இனயத்தில் 2016-இல் பேசிய துறைமுகம் வராமல் போனதால் விழிஞ்ஞத்தில் வேலை கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே கிரேன்கள் பெரும்பாலும் தானியங்கி, அறையில் இருந்து கொண்டு இயக்குவது. துறைமுகத்துக்குள் வேலை கொஞ்சம்தான். வெளியே டிரக், கிடங்கு, கன்டெய்னர் பழுதுபார்ப்பு என்று வளர வேண்டும், அதற்குச் சாலையும் ரயிலும் முதலில் வர வேண்டும். அடுத்த இரண்டு வருடத்துக்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், ஐந்து வருடக் கணக்கு என்றால் வேறு பேச்சு. லிஃப்டிங், ரிக்கிங், கன்டெய்னர் வெல்டிங் சிங்கப்பூரில் கற்றுக்கொண்டு வருகிறவனுக்கு அன்று இங்கே மதிப்பு இருக்கும்.

என்னைக் கேட்டால்: கல்யாணமாகாத, கையில் தொழில் இருக்கிற, ஒரு லட்சம் ஒன்றரை லட்சத்துக்குள் போக வழி இருக்கிற பையன் சிங்கப்பூர்க் கட்டுமானம் அல்லது ப்ராசஸ் துறைக்குப் போகட்டும். உயர்திறன் தகுதி எடுத்தால் இன்னும் நல்லது, அப்படிப்பட்டவனுக்குக் கட்டுமானக் கம்பெனி மாதம் கட்டும் லெவி 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஆளுக்கு 900. வேலை குறையும்போது யாரை முதலில் அனுப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குடும்பத்தோடு இருக்க நினைப்பவன், ஏ.சி., எலக்ட்ரிக்கல் தெரிந்தவன் துபாய் பார்க்கலாம். மூன்று லட்சம் கேட்கும் ஏஜென்டைத் தவிர வேறு வழியில்லை என்பவன் இந்த வருடம் ஊரில் வேலை செய்து, பணத்தைச் சேர்த்து, டெஸ்டை மட்டும் அடித்து வைக்கட்டும்.

ஏஜென்ட் பற்றி இரண்டு வார்த்தை. சிங்கப்பூர் ஏஜென்சி ஆளிடம் வாங்கக் கூடியது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே இருக்கும் புரோக்கரைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக் கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், பதிவு உண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பத்தாவது முடிக்காதவர்களுக்கு அமீரகம் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும், சிங்கப்பூருக்கு வேண்டாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது, அங்கே ஒருமுறை விசாரிப்பதில் நஷ்டம் இல்லை.

சிங்கப்பூர் என்று முடிவானால், ஐ.பி.ஏ. கடிதம் (அந்நாட்டு அரசு வேலை அனுமதிக்குக் கொடுக்கும் முன் ஒப்புதல்) கைக்கு வருவதற்கு முன் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். வந்ததும் அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் மூன்று வரியையும் ஏஜென்ட் வாயால் சொன்னதோடு ஒத்துப் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு என்று பிடித்தத்தில் 150, 200 வெள்ளி போட்டிருந்தால், மேலே போட்ட கணக்கில் ஓ.டி. வெட்டு விழுந்த மாதம் முதல் மாதத்திலேயே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.